இரண்டாம் பாகம்

"எல்லாப் புக்கும்தான் டேப்லெட்ல இருக்குதே, நாஜியா. இந்தத் தலகாணி சைஸ் நாவலை எதுக்கு வாரா வாரம் தூக்கினு போற?"

பள்ளி நூலகர் வைதேஹி, புத்தகக் கட்டில் சணல் கயிற்றை முடிந்தபடியே கேட்டாள். யாரும் தொடாத புத்தகங்களைக் குடோனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். இந்த அறைக்குக் கம்ப்யூட்டர்கள் வரப்போகின்றன.

"படிக்கத்தான் மிஸ்."

"ஆறாங்கிளாஸ் பொண்ணு இதைப் படிச்சியா? கதை இன்னான்னு சொல்லு பாப்போம்."

நாஜியா திருப்பித் தரக் கொண்டுவந்திருந்த நாவலைப் புரட்டிப் பார்த்தாள்.

"தெரியாது, இல்ல? பக்கத்துக்குப் பக்கம் டீக்கறை மட்டும் இருக்குது!"

"படிச்சது எங்கம்மா மிஸ். கம்பெனில போனை கேட்டுலயே வாங்கி வெச்சிக்கிறாங்க. டீ பிரேக்ல அம்மா இதைத்தான் சத்தமா படிக்கும். கூட வேலை செய்றவங்க எல்லாம் சுத்தி உக்காந்து கேப்பாங்க. சூப்பர்வைசர்கூட வருவாராம்."

வைதேஹியின் கை கயிற்றிலேயே நின்றது.

"நேத்தோட மொத பாகம் முடிஞ்சிட்சாம். மீதிக் கதை தெரியாம எல்லாரும் பேஜாராகிக் கெடக்குறாங்க. ரெண்டாம் பாகம் இருக்குதா மிஸ்?"

"இருக்கும், இரு. அதுக்கு அடுத்து எதுன்னும் இப்பவே பாத்துடலாம்."

தான் போட்ட முடிச்சைத் தானே பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தாள் வைதேஹி.