நூற்றுக்கு நூறு

“இந்த ஆறு பிள்ளைங்க பேரையும் பள்ளிப் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க மேடம். தனியா பரீட்சை எழுதிக்கட்டும். உங்களுக்கும் நூற்றுக்கு நூறு வந்துடும்,” என்றார் மதிப்பீட்டு அதிகாரி.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அதுதான். ஆசிரியர்களாக இருந்திருந்தால் இந்நேரம் அறையைக் காலி செய்திருப்பார்கள். அதிகாரி பாவம், புதியவர். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். தேறமாட்டான் என்று தெரிந்தால் பரீட்சைக்கு முன்பே நைசாகக் கழற்றிவிட வேண்டும். மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் பாஸ். வாசலில் பேனர், தலைமையாசிரியருக்கு விருது.

அப்படிக் கழற்றிவிடப்பட்டவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்தப் பள்ளி வாசலில்தான். இந்த அம்மாவும் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொள்வார். அப்புறம் தேர்ச்சி விகிதம் எப்படி ஏறும்?

இந்த முறையும் குறைந்தால் தலைமைப் பதவி போய்விடும். எங்கேயாவது ஒரு மூலையில் சாதாரண ஆசிரியையாகப் போய் உட்கார வேண்டியதுதான். அதிகாரி அதையும் சொல்லிவிட்டார், மிரட்டலாக அல்ல, நல்லது சொல்வதுபோல.

ஒரு பெயரையும் எடுக்க மாட்டேன் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார் தலைமையாசிரியை.

பார்த்துப் பார்த்து வளர்த்த பள்ளி. இவர் போன பிறகு அந்தப் பிள்ளைகளை யார் உள்ளே விடுவார்கள்?

அதிகாரி பேனாவை எடுத்தார். மதிப்பீட்டு ஃபைலின் கடைசிப் பக்கத்தில் ‘திருப்தியில்லை’ என்று எழுதி, பக்கத்தில் மதிப்பெண்ணையும் போட்டார். அவ்வளவு குறைவாக இருக்கும் என்று தலைமையாசிரியை நினைக்கவில்லை. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

வேலை முடிந்தது. ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லை.

ஆறிப்போன தேநீரைக் குடித்தார். ஃபைலை மூடினார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“என் பையனை ஸ்கூல்ல வேண்டாம்னுட்டாங்க மேடம். பரீட்சைக்கு மூணு மாசம்கூட இல்ல.”

எந்தப் பள்ளி என்று கேட்டார் தலைமையாசிரியை.

அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போன வாரம் அவரே தன் கையால் முதலிடம் கொடுத்த பள்ளி.

நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று தலைமையாசிரியைக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? வாயை மூடிக்கொண்டார்.

அந்த மௌனத்தை அதிகாரி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அவசரமாக ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போய், தான் போட்ட மதிப்பெண்ணை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனார்.

தலைமையாசிரியை அந்தத் தாளின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“மார்க்கைத் தொடாதீங்க சார். நாளைக்குக் காலையில பையனைக் கூட்டிட்டு வாங்க.”