நகம் தட்டாத சிப்பி

கடைசிப் புள்ளியைத் தேய்த்து முடித்ததும், கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன்.

ஒன்றும் தட்டவில்லை. சிப்பி எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று என் விரலுக்கே தெரியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், பிளாஸ்டிக் பக்கெட் வார்க்கிற இரும்பு அச்சுகளுக்கு, அதாவது டைகளுக்குப் பாலிஷ் போடுகிறவன் நான். கண்ணை நம்பாமல் விரலை நம்புவது எங்கள் பட்டறைப் பழக்கம். டையில் நகம் தட்டினால் பக்கெட்டில் கோடு விழும். அப்புறம் மேஸ்திரி வாயில் நம் பரம்பரையே விழும்.

இந்தக் கிடாரில் எவனாவது குறை சொல்லட்டும், பார்க்கலாம்.

உடம்பு, காட்டுப்பாக்கத்தில் இடித்த ஒரு வீட்டின் தேக்குக் கதவு. சிப்பி, மகாபலிபுரத்துக் கடையில் வாங்கியது. தூள் ஏறாமல் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அறுத்தேன்; பாதி உடைந்துபோனது. மிஞ்சியதை வட்டமாக ராவி, கழுத்துப் பலகையில் குழி எடுத்துப் பதித்தேன். கை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று வாசிப்பவனுக்கு அந்தப் புள்ளிகள்தான் அடையாளம்.

எல்லாம் என் தங்கை ஜெயப்பிரியாவின் புருஷன் ராகேஷுக்காக.

கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துக்கொண்டிருந்தவன். பூந்தமல்லி சாலையில் வண்டியோடு விழுந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கிடாரைத் தொடவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தான். இதைக் கொடுத்தால் எழுந்துவிடுவான் என்று நானும் தங்கையும் நம்பினோம்.

சிப்பி அவன் ஆசைப்பட்டதுதான். விழுவதற்கு முன்னால் ஒருநாள் போனில் படம் காட்டி, லைட் பட்டால் மின்ன வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

அவர்கள் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே யாரென்று தெரிந்துகொண்டு ராகேஷ் எழுந்து உட்கார்ந்தான். கிடாரை அவன் மடியில் வைத்தேன்.

ஜெயப்பிரியா டியூப்லைட்டைப் போட்டாள். சிப்பி நீலமும் பச்சையுமாக மின்னியது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராகேஷ் சிரித்தான். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பு!

கம்பிகளுக்கு இடையே விரலைவிட்டு மேலிருந்து கீழே ஓட்டினான். கீழிருந்து மேலே ஓட்டினான். பிறகு மெதுவாக, நகத்தால்.

"இன்னா மச்சான், சிப்பி பதிச்சுகினு கீறேன்னு சொன்னியே, எங்க கீது?"



சிப்பியை ஒரு முடியளவு தூக்கிவிட்டிருந்தால் போதும், அவன் விரலில் தட்டியிருக்கும். பார்வை போனவனுக்குச் செய்கிறேன் என்பதை ஒருநாளும் நான் மறக்கவில்லை. ஆனாலும் உப்புத்தாளை எடுத்ததும் கை பட்டறை வேலையைப் பார்த்துவிட்டது. பாவி, கண்ணை மூடிக்கொண்டு வேறு தடவிப் பார்த்தேன்.

அவன் விரலைப் பிடித்து, பன்னிரண்டாம் கட்டத்துப் புள்ளியின் மேல் வைத்தேன்.

விரல் அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது. ராகேஷ் என் பக்கமாக முகத்தைத் திருப்பித் தலையாட்டினான்.

"ஆங், கீது மச்சான். ஷோக்கா கீது."

அப்போது அவன் விரல் வெறும் மரத்தின் மேல் இருந்தது.