அம்பயருக்கு என்ன அவசரம்?

இந்தக் காலத்துப் பிள்ளைகள் விளையாடுவதைவிட நின்று பேசுவதுதான் அதிகம் என்று அம்பயர் பெரியண்ணனுக்கு எரிச்சலாக வந்தது.

கிள்ளான் திடலில் கிள்ளானுக்கும் காஜாங்குக்கும் பெண்கள் சாப்ட்பால் இறுதியாட்டம். ஐந்தரை மணிக்கு மேல் புதுச் சுற்று தொடங்கக்கூடாது; அப்போது முன்னால் இருக்கும் அணிக்கே கோப்பை. ஓர் ஓட்டம் முன்னால் இருந்த கிள்ளான் அணி நேரத்தைக் கடத்தப் பார்த்தது. மட்டை பிடிக்க வந்த கேப்டன் மலர், சப்பாத்துக் கயிற்றை மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள்.

“எழுந்திரு. பந்து போடுறவ காத்துக்கிட்டு இருக்கா.”

“கயிறு அவுந்துருச்சு, அம்பயர்.”

“அப்ப வெறுங்காலோட ஆடு. இன்னும் இழுத்தடிச்சா அவுட்டு கொடுத்துடுவேன்.”

அணிகள் இடம் மாறும்போது கூடி நின்றவர்களைக் கைதட்டி விரட்டினார்.

“அங்கிள் காஜாங்காரங்ககிட்ட சாத்தே வாங்கிச் சாப்பிட்டுட்டாரு லா!” என்று வேலியோரம் ஒருவன் கத்தினான்.

“உனக்கும் ரெண்டு குச்சி சுட்ட கறி தரேன், வாயை மூடு!”

ஐந்தரைக்குச் சற்று முன்பே கடைசிச் சுற்றைத் தொடங்கிவிட்டார். அதில் காஜாங் இரண்டு ஓட்டம் எடுத்தது. கிள்ளானால் ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. கோப்பை காஜாங்குக்குப் போனது.

கார் நிறுத்துமிடத்தில் மலர் கண் கலங்க அவரை மறித்தாள்.

“கொஞ்சம் மெதுவா விட்டிருந்தா ஜெயிச்சிருப்போம். பெத்த மகளுக்கு இதுகூட செய்ய மாட்டீங்களாப்பா?”

“ஆடி ஜெயி. கயிறு கட்டி ஜெயிக்காத.”

“எல்லா டீமும் இப்படித்தான் செய்யுது. நீங்க செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டு கார்ல ஏறுங்க.”

“அப்ப நீ மட்டும் போ” என்ற பெரியண்ணன், முகக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.