இருட்டு மேகத்தின் எடை

"எவ்வளவு பார்த்தும் ஒண்ணும் தெரியலை, அது வெறும் ஓட்டை!" என்று கண்ணாடித் தொலைநோக்கி மறுபடியும் ஆரம்பித்தது. வான வரைபடத்தில் தன்னைக் காலியிடம் என்று போட்டுவிடுவார்களே என்று விண்மீன்களுக்கு நடுவே கிடந்த இருட்டு மேகம் துடித்தது.

"வாயை மூடுடி," என்றது பக்கத்தில் ரேடியோ அலைகளைப் பிடித்துக்கொண்டிருந்த தட்டு. "மேகத்துக்குப் பின்னாலிருந்து ரேடியோ அலைகள் வருது. எல்லாம் முழுசா வருது, ஒரே ஒரு அலைவரிசை மட்டும் பாதியாத்தான் வருது. மீதியை மேகம் தின்னுடுது. காலி வீடு சாப்பிடுமா?"

அலை எவ்வளவு குறைந்தது என்று தட்டு அளந்தது, அதைத் தின்ன எவ்வளவு வாயு வேண்டும் என்று கணக்கிட்டு மேகத்தின் அகலத்தால் வகுத்தது. அடர்த்தி கிடைத்துவிட்டது! ஆயிரம் சூரியன்களைப் பெற்றுப் போடுமளவு சரக்கு உள்ளே இருந்தது. வரைபடத்தில் மேகத்தின் பெயர் பெரிய எழுத்தில் ஏறியது.

"ஓட்டைன்னது யாரு?" என்று மேகம் அதிர அதிரச் சிரித்தது. தட்டும் சேர்ந்து சிரித்தது.

"அக்கா, எனக்கும் ஒரு தடவை காட்டுங்களேன்," என்றது தொலைநோக்கி, தட்டைப் பார்த்து.