கோப்பி சிந்தாத வீதி

ஞாயிறு பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், சில்வெஸ்டர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு வான் வண்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்த மூட்டைகள் கிடந்தன.

“கெதியா இறக்கும் டொறத்தி. ஆரும் கண்டால் என்ரை வேலை போச்சு.”

“போறதுக்கு அதென்ன நிரந்தர வேலையோ?” என்றாள் மனைவி. “செப்டெம்பரோடை உங்கடை ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ளை களவு வேறை.”

“இதென்ன களவு? குளிர்காலத்திலை மிஞ்சின, காய்ச்சாமல் போடுற தார் மூட்டை. நகரசபையின்ரை தாரை நகரசபையின்ரை ரோட்டிலைதானே போடப்போறன்.”

ஜெர்மனியில் அந்த நகரசபையின் வீதிப் பிரிவில் சில்வெஸ்டருக்கு வருடத்துக்கு வருடம் நீட்டுகிற வேலை. அவர் சொன்ன ரோடு, ரயில் நிலையத்திலிருந்து நகரசபைக்குப் போகும் ஸ்டேஷன் வீதி. மூன்று வருடமாக அதில் ஒரு சட்டி தார் விழவில்லை. மழை பெய்தால் குழிகளில் புறாக்கள் சாவகாசமாகக் குளிக்கும்.

அந்த வீதியால்தான் மறுநாள் பெரிய ஆட்கள் வருகிறார்கள். நகரத்துக்கு நிதி கேட்டு மேயர் மாநிலத் தலைநகர் டுசல்டோர்ஃபுக்குப் போனால் ‘பேர்லினைக் கேளுங்கோ’ என்பார்கள். பேர்லினுக்குப் போனால் ‘டுசல்டோர்ஃபைக் கேளுங்கோ’ என்பார்கள். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தப் பந்தைவிட அதிகம் உதைபட்ட மேயர், மாநில சட்டமன்ற உறுப்பினர் ஒருவரையும் மத்திய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரையும் ஒரே நாளில் இங்கேயே வரவழைத்துவிட்டார்.

“திங்களுக்கு முதல் ஸ்டேஷன் வீதியை ஒருக்காப் பாப்பமோ?” என்று வெள்ளிக்கிழமை சில்வெஸ்டர் மேற்பார்வையாளரிடம் கேட்டார். “அதிலை கை வைக்காதையுங்கோ” என்று சொல்லிவிட்டு அந்த ஆள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெர்மன்காரனிடம் வேலையைப் பற்றிப் பேசியது தன் பிழைதான் என்று சில்வெஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் மனம் கேட்கவில்லை. அவரது ஊரான மன்னாரில் ஆயர் வந்தாலும் அமைச்சர் வந்தாலும் முதல்நாளே குழி நிரப்பி, மதிலுக்கு வெள்ளையடித்து, தெருநாயையும் துரத்திவிடுவார்கள். கைநீட்டிக் கேட்கப்போகிறவரின் வாசலாவது சீராக இருக்க வேண்டாமா? மேயரின் மானத்தை நான் காப்பாற்றினால் என் வேலையை அவர் காப்பாற்ற மாட்டாரா?

ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டால் பொலிஸ் வந்து நிற்கிற ஊர். அதனால் தாரின் மேல் பழைய கம்பளத்தை விரித்து, அதன்மேல் திமிசுக்கட்டையால் பூனைபோல இடித்தார். பின்னேரம் வெள்ளைச் சட்டை கறுத்திருந்தது. வீதி கரம் பலகை மாதிரி ஆகியிருந்தது.

திங்கட்கிழமை, விருந்தாளிகளின் பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்று சில்வெஸ்டரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். நகரசபைக் கன்ரீனில் வேலை செய்யும் டொறத்திக்கு அதே பஸ்ஸில் கோப்பி கொடுக்கிற பொறுப்பு. மேயரே அவளிடம் வந்து குனிந்து சொன்னார்.

“மூடி வேண்டாம். விளிம்பு முட்ட ஊத்துங்கோ. ஸ்டேஷன் வீதியிலை பஸ் ஏறேக்கை குடுங்கோ.”

“பாத்தியளே, என்ன தாராளமான மனுசன்!” என்று டொறத்தி கணவனின் காதில் கிசுகிசுத்தாள்.

பஸ் திரும்பியது. சில்வெஸ்டர் குனிந்து ரோட்டையே பார்த்தார். ஓரிடத்தில் தார் அமுங்கினாலும் எல்லாம் பாழ். உறுப்பினர்கள் இருவர் கையிலும் தளும்பத் தளும்பக் கோப்பி. மேயர் இரண்டு கையாலும் முன் இருக்கையின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பஸ் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பேர்லின்காரர் ஆறுதலாக ஒரு வாய் குடித்து, “அருமை” என்றார். டுசல்டோர்ஃப்காரர் யன்னலால் எட்டிப் பார்த்து, “எங்கடை வீட்டு ரோடே இப்பிடியில்லை” என்றார்.

மேயரின் கண்கள் கலங்கியிருந்தன. பாவம், மனுசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை என்று சில்வெஸ்டர் நினைத்துக்கொண்டார்.

விருந்தாளிகளை ரயில் ஏற்றிய கையோடு மேயர் சில்வெஸ்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் மேற்பார்வையாளர் காது சிவக்க நின்றார்.

“அந்த ரோட்டைச் செய்தது நீங்களோ?”

“ஓம் ஐயா, நான்தான்” என்று சில்வெஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். “மனுசியும் உதவி செய்தவ. ஆரும் சொல்லிச் செய்யேல்லை, எங்கடை மனசுக்குப் பட்டது.”

மேயர் மேசையிலிருந்த நாட்குறிப்பைத் திறந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“ஒக்டோபர் கடைசியிலை பேர்லினிலை இருந்து ஒரு குழுவே வருது. அதுவரைக்கும் உங்கடை ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லியிருக்கிறன்.”

சில்வெஸ்டருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. டொறத்தியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

“பெரிய உபகாரம் ஐயா! நான் என்ன செய்ய வேணும், சொல்லுங்கோ.”

மேயர் சொன்னார்:

“அந்தக் குழியளைத் திரும்பத் தோண்டுங்கோ.”