முதலாவது வயர்

குமரப்பன் ஐயா இன்னும் வராதது என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். கொட்டாஞ்சேனையில் அவருடைய மிளகாய்த்தூள் மில்லில், பக்கற்றுகள் போகும் புது பெல்ட் செத்த பாம்பாகக் கிடந்தது. அதை ஓட்டிக் காட்டினால்தான், மகள் ஸ்ரீலேகாவை எனக்குத் தருவதைப் பற்றி அவர் வாயையே திறப்பார்.

"வேலை தெரிஞ்ச பையனா, வாய் மட்டும் உள்ள பையனான்னு பாக்கணும்" என்று நேற்றே சொல்லிவிட்டார். என் வாயைப் பற்றி அவருக்கு யார் வத்தி வைத்தார்களோ!

வெள்ளவத்தையில் பி.எல்.சி. வகுப்பு எடுப்பவன் நான். மெஷின்களை ஓட்டும் அந்தச் சின்னக் கணினிப் பெட்டியைப் பற்றிக் கத்திக் கத்தியே தொண்டை போனவன். "சென்சரில இருந்து உள்ள வாற வயருக்குப் பேர் 'ஐ', மோட்டருக்கு வெளிய போற வயருக்குப் பேர் 'கியூ'. ரெண்டுக்கும் எண்ணிக்கை பூச்சியத்திலதான் தொடங்கும். நித்திரையில கேட்டாலும் சொல்லோணும்!"

மில்லில் ஒரே ஒரு பெட்டிதான். பெல்ட்டுக்கும் அதுதான், பின்சுவருக்கு அப்பால் மூட்டை ஏற்றும் லிப்டுக்கும் அதுதான். முதலாளி சிக்கனக்காரர்.

பக்கற் ஒட்டும் பத்மாவதி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "என்ன மிதுஷன் தம்பி, மெஷின் உங்களோட கோவமா?"

"அஞ்சு நிமிஷம் அக்கா, பறக்கும் பாருங்கோ."

"பறந்தா கூப்பிடுங்க" என்று அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

பெட்டியிலிருந்து வெளியே போகும் வயர் வரிசையைப் பார்த்தேன். பெல்ட்டின் வயர் முதலாவதாக இருந்தது. லப்டொப்பில் கியூ 0.1 என்று அடித்து ஓடவிட்டேன்.

பெல்ட் அசையவில்லை. சுவருக்குப் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம் மட்டும் போனது. துறைமுகத்துக்குப் போகும் கொண்டெய்னர் லொறி. கொட்டாஞ்சேனையில் அது போகாவிட்டால்தான் அதிசயம்.

ஸ்ரீலேகாவிடமிருந்து போன் வந்தது. "அப்பா வந்துட்டாரா? மேல ஆபீஸ்ல இருந்து அப்பவே இறங்குறேன்னு சொன்னாரே."

"இன்னும் இல்ல. வரட்டும், எனக்கென்ன பயம்?" என்றேன்.

அவருக்கே போன் போட்டுப் பார்த்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

வயர் பூட்டியவன் யாரோ, அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு வேளை அடுத்ததாக இருக்குமோ என்று கியூ 0.2 ஐ ஓடவிட்டேன். பெல்ட் அப்படியே கிடக்க, இன்னொரு லொறி கடகடத்தது. திரும்பவும் 0.1. திரும்பவும் லொறி. முழுத் துறைமுகமும் இன்றைக்கு இந்த ரோட்டால்தான் போக வேண்டுமா? ஆத்திரத்தில் இரண்டையும் மாறி மாறி அடித்துத் தள்ளினேன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அலறியது. குமரப்பன் ஐயா!

"ஐயா, நீங்க ஆறுதலா வாங்கோ, அவசரமே இல்லை" என்றேன், என் பிரசித்தி பெற்ற வாயால். "எல்லாம் என்ர கட்டுப்பாட்டில இருக்கு. இந்தா, இப்ப பாருங்கோ..."

0.1 ஐ இன்னொரு தரம் ஓடவிட்டேன்.

கடகடச் சத்தம் சுவருக்குப் பின்னாலும் கேட்டது, போனுக்குள்ளும் கேட்டது. என் விரல் தன்பாட்டில் வயர்களை எண்ணத் தொடங்கியது. பூச்சியம், பெல்ட். ஒன்று... ஐயோ!

போனில் குமரப்பன் ஐயாவின் குரல் நடுங்கியது.

"பொண்ணைத் தர்றேன் தம்பி, முதல்ல இந்த லிப்டை நிப்பாட்டுங்க!"