துரு தின்னும் பெட்டி

"தெரேசா வர்றதுக்குள்ள இது ஓடணும் மாஹிர். அவ வந்து நிக்கும்போது இது ஓடலேன்னா நான் செத்தேன்."

கொல்லைக் கொட்டகையில் குழாயை இறுக்கிக்கொண்டே சொன்னார் சிங்கராயர். தெரேசா அவர் மனைவி. இன்சீன் சந்தைக்குப் பின்னால் டயர் கடை வைத்திருக்கும் மாஹிர், தன் கம்ப்ரஸரைச் சைக்கா ரிக்‌ஷாவில் ஏற்றிவந்து அப்போதுதான் இறக்கியிருந்தான்.

கொட்டகை நடுவே நான்கு இரும்புக் கால்களில் நின்றது பெட்டி. மேலே கண்ணாடி பதித்த மூடி. முன்பக்கம் இரண்டு வட்ட ஓட்டைகள். அவற்றிலிருந்து முழங்கை நீள ரப்பர் கையுறைகள் உள்ளே தொங்கின. பச்சைப் பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை.

சிங்கராயர் பழைய தையல் மெஷின்களைப் புதுப்பித்துக் கொடுப்பவர். கரண்ட் நினைத்தபோது போகிற ஊரில், காலால் மிதிக்கிற மெஷினுக்குத்தான் இப்போது கிராக்கி. ஆனால் அதன் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதற்குள் தோள் கழன்றுவிடும். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் தையல் பள்ளி நடத்தும் டோ மியாத்துவின் என்ற அம்மாள், மூலையில் குவிந்து கிடந்த தன் மெஷின்களைக் காட்டி, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணைச் சுத்தமாக்கிக் காட்டுங்க. பிடிச்சா எல்லாமே உங்களுக்குத்தான். இல்லேன்னா வேற ஆளைப் பாக்குறேன்" என்று நேற்றுச் சொல்லியிருந்தார்.

"பெட்டி அருமையா இருக்கு அண்ணே," மாஹிர் மூடியைத் திறந்து மூடினான். "இந்த ஓரத்து ரப்பரைப் பாருங்க, பொட்டுத் தூசி வெளிய வராது. எங்க பிடிச்சீங்க?"

"தெரிஞ்ச வீட்டுல சும்மா நின்னுச்சு. நீ அந்த ஹோஸை மாட்டு."

"துரு மேல அடிக்க மணலா போடப் போறீங்க?"

"மணல் தூசி நெஞ்சைக் கெடுத்துடும்பா. கண்ணாடியை அரைச்சுச் சலிச்சு வச்சிருக்கேன்."

"அக்காவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"செய்யப் போறேன்னு தெரியும். நீங்க செஞ்சது எது ரெண்டு நாள் ஓடியிருக்குன்னு கேட்டா. கேட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே மாவ்பியில இருக்குற தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிட்டா."

எல்லாம் தயார். கரண்ட் மட்டும் வரவில்லை. இருவரும் பெட்டிக்கு இருபுறமும் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறிப்போனது.

திடீரென்று தெருமுனையிலிருந்து "மீலாபீ" என்று கூவல் வந்தது. கரண்ட் வந்துவிட்டது. தெருவே கைதட்டியது. கம்ப்ரஸர் உறும ஆரம்பித்தது.

சிங்கராயர் கையுறைகளுக்குள் கைகளை நுழைத்து, மெஷினின் இரும்பு மிதிபலகையை இடது கையில் பிடித்தார். வலது கையில் இருந்த, காற்றோடு கண்ணாடித்தூளைப் பீய்ச்சும் துப்பாக்கியை அமுக்கினார்.

படாரென்று ஹோஸ் கழன்று மாஹிரின் தொப்பியைத் தட்டிவிட்டது.

"கிளாம்பைப் போடு, கிளாம்பைப் போடு. கரண்ட் போயிடும்."

மாஹிர் அவசரமாக இறுக்கினான். மறுபடி அமுக்கினார். இந்த முறை உள்ளே வெண்புகைதான் சுழன்றது, ஒன்றும் தெரியவில்லை. தூசி உறிஞ்சும் குழாயை யாரும் செருகவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாஹிர் ஓடிப்போய்ச் செருகினான். புகை மெல்ல விலகியது.

விளக்கு வெளிச்சத்தில், துரு உதிர்ந்துகொண்டிருந்தது. துரு போன இடத்தில் சாம்பல் நிற இரும்பு, நேற்று வார்த்ததுபோல் வந்தது. முதலில், இரும்பில் வார்த்திருந்த அலங்காரத்தில் ஒரு கொடி. பிறகு இலை.

"அண்ணே, பூ வருது. இதழெல்லாம் தெரியுது," மாஹிர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சொன்னான். "நான் ஒரு தடவை செய்றேன், விடுங்க."

"இருப்பா, இந்த ஓரம் மட்டும்."

"அப்பவே இருந்து இந்த ஓரம்தான் சொல்றீங்க."

"ரெண்டு பேரும் தள்ளுங்க. நான் பாக்கணும்."

திரும்பினார்கள். கையில் பையோடு தெரேசா நின்றிருந்தாள். முந்தின பஸ் கிடைத்துவிட்டதாம். சிங்கராயர் முகம் வெளுத்துப்போனது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்புறம் தானே கையுறைக்குள் கைவிட்டு அமுக்கினாள். ஒரு பூ முழுதாக வெளியே வந்தது. அதை முடித்து அடுத்த பூவுக்குப் போனாள். கையை எடுக்க மனமே இல்லை.

"நான் சிரிச்சது தப்புதாங்க," என்றாள்.

மாஹிர் மிதிபலகையைப் படம் எடுத்து டோ மியாத்துவினுக்கு அனுப்பினான். டீ கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "எல்லா மெஷினையும் நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போங்க."

தெரேசா சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கியது. பெட்டியைச் சுற்றி வந்து, காயாத பச்சைப் பெயின்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு கெட்டியான பெட்டியை யாருங்க தூக்கிக் கொடுத்தது?"

"தெரிஞ்ச வீடாம் அக்கா," மாஹிர் முந்திக்கொண்டான். "அங்க சும்மா நின்னுச்சாம்."

"அந்த வீட்டுக்காரி நல்ல மனசுக்காரிதான். என்னால எல்லாம் இப்படிக் கொடுக்க முடியாது. அவளுக்கு நல்லதா ஒரு லோஞ்சித் துணி எடுத்துக் கொடுத்துடுங்க, என்ன?"

"சரி சரி, எடுத்துடலாம்," என்ற சிங்கராயர், ஏற்கெனவே சலித்து வைத்திருந்த கண்ணாடித்தூளை மறுபடி சலிக்க உட்கார்ந்தார்.

தெரேசா சந்தோஷமாகப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளே இருந்து அவள் குரல் கேட்டது:

"ஏங்க, நம்ம ஃப்ரிட்ஜ் எங்க?"